கடைசி முடிவை யார் எடுப்பது? மருத்துவ உதவியுடன் இறத்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் பெரியம்மா கடைசி 11 நாட்களை ஐசியூவில் கழித்தார். ஐந்தாம் நாள் ஒரு படிவத்தை நீட்டி, "மேற்கொண்டு போகலாமா, இல்லை இதோடு நிறுத்திக்கொள்ளலாமா?" என்று கேட்டார்கள். வெளியே நின்றிருந்த ஏழு பேரில் ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. பெரியம்மாவுக்குத் தெரிந்திருக்கும். ஆனால் அவரிடம் யாரும் எப்போதும் கேட்டதில்லை. இனிமேல் கேட்கவும் வழியில்லை, தொண்டையில் குழாய்.

அதற்குப் பிறகுதான் இதைப் பற்றித் தேடித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். தெரிந்தவர்கள் கேட்கும் கேள்விகள் திரும்பத் திரும்ப ஒரே மாதிரி இருப்பதால் எல்லாவற்றையும் இங்கே எழுதிவைக்கிறேன். நான் மருத்துவர் இல்லை, வக்கீலும் இல்லை. சட்டங்கள் மாறிக்கொண்டே இருப்பவை. உங்களுக்கு அவசரம் என்றால் உங்கள் ஊர்ச் சட்டம் தெரிந்த ஒருவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மருத்துவ உதவியுடன் இறத்தல் என்றால் சரியாக என்ன?

குணமாக வழியில்லாத நோயில் இருக்கும் ஒருவர், சுயநினைவோடும் தெளிவோடும், "என் சாவு எப்போது என்பதை நானே முடிவுசெய்துகொள்கிறேன்" என்று கேட்கிறார். மருத்துவர்கள் அவருடைய நோயையும் மனநிலையையும் சோதித்துவிட்டு, சட்டம் இடம் கொடுத்தால், அதற்கான மருந்தை எழுதிக் கொடுக்கிறார்கள். சில நாடுகளில் மருத்துவரே ஊசி மூலம் செலுத்துவதும் உண்டு. கேட்பவர் நோயாளியாகத்தான் இருக்க வேண்டும். மகன் கேட்க முடியாது, மனைவி கேட்க முடியாது, மருத்துவமனையும் கேட்க முடியாது.

அப்படியானால் இது கருணைக்கொலைதானே?

இந்த வார்த்தைதான் நம் மொழியில் பாதிப் பிரச்சினை. 'கருணைக்கொலை' என்று சொன்ன உடனே அதற்குள் ஒரு கொலையும் ஒரு கொலையாளியும் வந்துவிடுகிறார்கள். மூன்று வேறு வேறு விஷயங்களை இந்த ஒரே சொல்லில் போட்டு அடைக்கிறோம்.

ஒன்று, மருத்துவர் மருந்தை எழுதிக் கொடுப்பார், நோயாளி தானே உட்கொள்வார். அமெரிக்க மாநிலங்களில் உள்ள சட்டங்கள் எல்லாமே இந்த வகைதான். அங்கே மருத்துவர் ஊசி போட்டால் குற்றம். இரண்டாவது, நோயாளி கேட்டதன் பேரில் மருத்துவரே மருந்தைச் செலுத்துவது. நெதர்லாந்து, பெல்ஜியம், கனடா போன்ற நாடுகளில் இது சட்டப்படி நடக்கிறது. கனடாவில் இரண்டு வழிகளும் திறந்திருந்தும் கிட்டத்தட்ட எல்லாருமே மருத்துவர் கையாலேயே கேட்கிறார்கள். மூன்றாவது, உயிரை நீட்டிக்கும் சிகிச்சையை நிறுத்துவது அல்லது தொடங்காமலே விடுவது. செய்தித்தாள்களில் இதைச் 'செயலற்ற கருணைக்கொலை' என்று எழுதுகிறார்கள்.

ஒருவர் இதை ஆதரிக்கிறாரா எதிர்க்கிறாரா என்று பார்ப்பதற்கு முன், இந்த மூன்றில் எதைச் சொல்கிறார் என்று கேட்டுவிடுவது நல்லது. பல சண்டைகள் அங்கேயே முடிந்துவிடும்.

தற்கொலைக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

சட்டத்தின் பார்வையில் ஊருக்கு ஊர் பதில் வேறு. அமெரிக்காவின் ஆரிகன் மாநிலச் சட்டம், தன் விதிகளின்படி நடக்கும் மரணத்தைத் தற்கொலை என்று கருதக்கூடாது என்று எழுத்திலேயே சொல்கிறது. சுவிட்சர்லாந்தில் அதைத் தற்கொலைக்கு உதவுவது என்றே நேராகச் சொல்கிறார்கள்.

வார்த்தையை விடுங்கள். நோய் ஏற்கெனவே சாவைத் தீர்மானித்துவிட்ட ஒருவர், பல வாரம் யோசித்து, மருத்துவர்களிடம் பேசி, குடும்பத்துக்குத் தெரிந்து எடுக்கும் முடிவு ஒன்று. விரக்தியில், தனிமையில், ஒரு கெட்ட இரவில் எழும் எண்ணம் இன்னொன்று. இரண்டாவது வகை எண்ணம் அலைபோல் ஏறி இறங்குவது, உதவி கிடைத்தால் பெரும்பாலும் தணிவது. இதைப் படிக்கும் உங்களுக்கு அப்படி ஓர் எண்ணம் ஓடிக்கொண்டிருந்தால், இந்தப் பக்கத்தை மூடிவிட்டு நம்பிக்கையான ஒருவருக்கோ உங்கள் பகுதியின் தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணுக்கோ இப்போதே போன் செய்யுங்கள். மீதியை அப்புறம் படிக்கலாம்.

வென்டிலேட்டரை எடுப்பதும் இதில் சேருமா?

சேராது. வேண்டாத சிகிச்சையை மறுக்கும் உரிமை இதைவிடப் பழையது, பரவலானது. 1975இல் நியூ ஜெர்சியில் கேரன் ஆன் குயின்லன் என்ற 21 வயதுப் பெண் நினைவிழந்தார். செயற்கை சுவாசக் கருவியை அகற்றச் சொல்லி அவருடைய பெற்றோர் கேட்டார்கள், மருத்துவமனை மறுத்தது, வழக்கு போனது. 1976இல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் பெற்றோர் பக்கம் தீர்ப்பளித்தது. கருவியை எடுத்த பிறகு என்ன நடந்தது என்பதுதான் பலருக்குத் தெரியாது: அவர் சாகவில்லை. தானாகவே மூச்சுவிட்டபடி, குழாய் வழி உணவோடு, 1985 வரை உயிரோடு இருந்தார்.

கருவியை எடுப்பது ஆளைக் கொல்வது ஆகாது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. கருவியை எடுத்தால் நோய் தன் போக்கில் போகும், அவ்வளவுதான். 1990இல், நினைவற்றுக் கிடந்த நான்சி குரூசன் என்ற பெண்ணின் வழக்கில், குழாய் வழியாகச் செலுத்தும் உணவையும் நீரையும்கூட ஒருவர் மறுக்கலாம் என்ற நிலைப்பாட்டை அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஏற்றது. ஆனால் நினைவில்லாதவர் விஷயத்தில், அவருடைய விருப்பம் இதுதான் என்பதற்குத் தெளிவான சாட்சியம் கேட்க மாநிலத்துக்கு உரிமை உண்டு என்றும் சொன்னது. எழுதிவைக்காதவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

எந்தெந்த நாடுகளில் சட்டம் இருக்கிறது?

முதலில் சுவிட்சர்லாந்து. 1942 முதல் நடைமுறையில் இருக்கும் அதன் தண்டனைச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, சுயநல நோக்கத்தோடு தற்கொலைக்கு உதவினால் தண்டனை என்கிறது. சுயநலம் இல்லாமல் உதவினால்? அதைப் பற்றிப் பேசவில்லை. அந்த மௌனத்தின் மேல்தான் அங்கே இத்தனை ஆண்டு நடைமுறையும் நிற்கிறது.

வாக்காளர்கள் நேராக வாக்களித்துக் கொண்டுவந்த முதல் சட்டம் ஆரிகனுடையது. 1994இல் 51 சதவீத ஆதரவில் நூலிழையில் ஜெயித்தது. நீதிமன்றத் தடை, இழுபறி எல்லாம் முடிந்து 1997 அக்டோபரில் அமலுக்கு வந்தது. அடுத்த மாதமே அதை ரத்து செய்ய மறுபடி வாக்கெடுப்பு வைத்தார்கள். இந்த முறை 60 சதவீதம் பேர் சட்டம் இருக்கட்டும் என்றார்கள். அதே 1997இல், இப்படி உதவி பெறுவது அரசியல் சாசனம் தரும் உரிமை இல்லை, மாநிலங்கள் தாங்களே தீர்மானிக்கட்டும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதனால்தான் அங்கே ஒரு மாநிலத்தில் சட்டப்படி நடப்பது பக்கத்து மாநிலத்தில் குற்றம். வாஷிங்டன், வெர்மான்ட், கலிபோர்னியா, கொலராடோ, ஹவாய், நியூ ஜெர்சி, மெய்ன், நியூ மெக்சிகோ என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. 2025இல் டெலாவேர் ஆளுநரும் கையெழுத்திட்டார். மொன்டானாவில் சட்டமே கிடையாது, 2009இல் வந்த ஒரு தீர்ப்பை வைத்து நடக்கிறது.

நெதர்லாந்தும் பெல்ஜியமும் 2002இல், லக்சம்பர்க் 2009இல். கனடா 2016, ஸ்பெயின் 2021, ஆஸ்திரியா 2022. நியூசிலாந்தில் 2020இல் பொது வாக்கெடுப்பு, 65 சதவீத ஆதரவு, அடுத்த ஆண்டு அமல். கொலம்பியாவில் நீதிமன்றம் 1997இலேயே கதவைத் திறந்துவிட்டது, விதிமுறை வர 2015 ஆனது.

ஆஸ்திரேலியாவின் கதை வேடிக்கையானது. அதன் வடக்குப் பிரதேசம் 1996இலேயே சட்டத்தை அமலாக்கியது. நான்கு பேர் பயன்படுத்தியிருந்த நிலையில் 1997இல் மத்திய நாடாளுமன்றம் அதைச் செல்லாததாக்கியது. அப்புறம் 20 வருடத்துக்கு மேல் ஒன்றும் நகரவில்லை. 2019இல் விக்டோரியா ஆரம்பித்தது, 2023 முடிவதற்குள் ஆறு மாநிலங்களிலும் நடைமுறைக்கு வந்துவிட்டது.

ஆரிகனில் ஒருவர் கேட்டால் உடனே கொடுத்துவிடுவார்களா?

இல்லை. 18 வயது ஆகியிருக்க வேண்டும், ஆறு மாதத்துக்குள் மரணம் நேரும் என்று கணிக்கப்பட்ட நோய் இருக்க வேண்டும், தானே முடிவெடுக்கும் தெளிவு இருக்க வேண்டும். வாய்மொழியாக இரண்டு முறை கேட்க வேண்டும், இடையில் 15 நாள். எழுத்தில் ஒரு முறை, இரண்டு சாட்சிகளோடு. சாட்சிகளில் ஒருவராவது உறவினராகவோ சொத்தில் பங்குள்ளவராகவோ இருக்கக்கூடாது. இரண்டு மருத்துவர்கள் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். மனச்சோர்வு முடிவைப் பாதிக்கிறதோ என்று அவர்களில் ஒருவருக்குச் சந்தேகம் வந்தால் மனநல நிபுணரிடம் அனுப்பியே ஆக வேண்டும். வலிதணிப்புச் சிகிச்சை, ஹாஸ்பிஸ் (கடைசிக் காலப் பராமரிப்பு) போன்ற மற்ற வழிகளை எடுத்துச் சொல்வதும் மருத்துவரின் கடமை. எந்தக் கட்டத்திலும் நோயாளி 'வேண்டாம்' என்று விலகலாம்.

"ஆறு மாதம்" என்று எப்படிச் சொல்கிறார்கள்?

கணிப்புதான். புற்றுநோயில் ஓரளவு சொல்ல முடியும், இதயச் செயலிழப்பில் கஷ்டம். பொதுவாக மருத்துவர்கள் நோயாளியின் நாட்களைக் கூட்டித்தான் கணிக்கிறார்கள் என்று ஆய்வுகள் சொல்கின்றன. அதனால் பலர் மிகத் தாமதமாகவே கேட்க ஆரம்பிக்கிறார்கள்.

வலி தாங்க முடியாமல்தான் கேட்கிறார்களா?

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆரிகன் சுகாதாரத் துறை ஒவ்வொரு ஆண்டும் வெளியிடும் அறிக்கையைப் பார்த்தால் வேறு படம். மருந்து வாங்கியவர்கள் சொன்ன காரணங்களில் ஆண்டுக்கு ஆண்டு முதலில் நிற்பவை: தன் விஷயத்தில் தன் கட்டுப்பாடு போய்விடுகிறது, வாழ்க்கையை ரசிக்கவைத்தவற்றைச் செய்ய முடியவில்லை, கௌரவம் போகிறது. வலி, அல்லது வலி வந்துவிடுமோ என்ற பயம், இவற்றுக்கெல்லாம் கீழே வருகிறது.

இதை இரண்டு விதமாகவும் படிக்கலாம். ஆதரிப்பவர்கள், "பார்த்தீர்களா, இது மார்ஃபினால் தீராத துன்பம்" என்பார்கள். மாற்றுத்திறனாளி உரிமைக் குழுக்களில் பலர் கேட்பது இது: "குளிப்பாட்டிவிட ஒருவர் வேண்டும் என்பது கௌரவக் குறைவா? நாங்கள் ஆயுள் முழுக்க அப்படித்தானே வாழ்கிறோம்?" இந்தக் கேள்விக்கு எந்தச் சட்டத்திலும் பதில் இல்லை. என்னிடமும் இல்லை. ஆனால் இதைக் கேட்காமல் கைதட்டுகிறவர்களை நான் நம்புவதில்லை.

மருந்து வாங்கியவர்கள் எல்லாரும் அதை உட்கொள்கிறார்களா?

இல்லை. ஆரிகனில் 2023இல் 560 பேருக்கு எழுதிக் கொடுத்தார்கள், அந்த ஆண்டில் அதை உட்கொண்டு இறந்தவர்கள் 367 பேர். (இவர்களில் சிலர் முந்தைய ஆண்டு வாங்கியவர்கள்.) சட்டம் வந்த நாள் முதல் கணக்குப் பார்த்தாலும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் அதைத் தொடாமலே நோயால் இறந்திருக்கிறார்கள். அலமாரியில் இருக்கிறது என்ற நினைப்பே சிலருக்குப் போதுமானதாக இருக்கிறது போல.

சட்டத்தை "விரிவாக்க வேண்டும்" என்கிறார்களே, எதை விரிவாக்குவது?

இங்கேதான் கவனம் தேவை. இரண்டு வகை விரிவாக்கத்தை ஒன்றாகக் குழப்புகிறார்கள்.

முதல் வகை, ஏற்கெனவே தகுதி உள்ளவர் போய்ச் சேர முடியாமல் தடுக்கும் வேலிகளைக் குறைப்பது. 15 நாள் காத்திருப்பதற்குள் பலர் இறந்துவிடுகிறார்கள் அல்லது விழுங்கக்கூட முடியாத நிலைக்குப் போய்விடுகிறார்கள். அதனால் கலிபோர்னியா 2022 முதல் அந்த 15 நாளை 48 மணி நேரமாகக் குறைத்தது. 15 நாளுக்குள் இறந்துவிடுவார் என்று கணிக்கப்படுபவருக்கு ஆரிகன் 2020 முதல் விலக்கு தருகிறது. கிராமப்புறத்தில் எழுதிக் கொடுக்க மருத்துவரே கிடைப்பதில்லை என்பதால் நியூ மெக்சிகோ, வாஷிங்டன் போன்ற மாநிலங்களில் உயர்பயிற்சி பெற்ற செவிலியர்களும் இதில் பங்கேற்கலாம். அந்தந்த மாநிலத்திலேயே குடியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையை 2023இல் ஆரிகனும் வெர்மான்ட்டும் எடுத்துவிட்டன. 2014இல் பிரிட்டனி மேனார்டு என்ற 29 வயதுப் பெண், மூளைப் புற்றுநோயோடு கலிபோர்னியாவிலிருந்து ஆரிகனுக்கு வீடு மாற்றிப் போய் இறந்தார். சாகும் தறுவாயில் வாடகை வீடு தேடி, புது ஊர் ஓட்டுநர் உரிமம் வாங்க அலைய வேண்டுமா என்ற கேள்வியை அவர் எழுப்பினார். மறு ஆண்டே கலிபோர்னியாவில் சட்டம் நிறைவேறியது.

இரண்டாம் வகை, யார் தகுதி உள்ளவர் என்பதையே மாற்றுவது. சாவு நெருங்காதவர், மனநோய் மட்டும் உள்ளவர், சிறார், மறதி நோய் வருவதற்கு முன்பே எழுதிவைத்தவர் என்று. முதல் வகையை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். இரண்டாம் வகையை ஒவ்வொன்றாகத்தான் பேச வேண்டும், மொத்தமாக 'ஆம்' அல்லது 'இல்லை' சொல்ல வராது.

ஒரு முறை கதவைத் திறந்தால் சரிந்துகொண்டே போகாதா?

போன இடமும் உண்டு, போகாத இடமும் உண்டு. ஆரிகனில் 1997இல் சொன்ன 'ஆறு மாதத்துக்குள் மரணம்' என்ற நிபந்தனை இன்றும் அப்படியே இருக்கிறது. கனடாவில் 2016இல் 'இயல்பான மரணம் கண்ணுக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்' என்று ஆரம்பித்தார்கள். கியூபெக் மாகாண நீதிமன்றம் 2019இல் அந்த நிபந்தனை செல்லாது என்றது, 2021இல் நாடாளுமன்றம் சட்டத்தையே திருத்தியது. இப்போது சாவு நெருங்காத, ஆனால் தீராத கடும் நோயோ குறைபாடோ உள்ளவர்களும் கேட்கலாம்.

2023இல் கனடாவில் 15,343 பேர் இப்படி இறந்தார்கள். மொத்த மரணங்களில் 4.7 சதவீதம். அவர்களில் சுமார் 96 சதவீதம் பேர் சாவு நெருங்கியவர்கள்தான். மீதியுள்ள 600 சொச்சம் பேரைச் சுற்றித்தான் சர்ச்சை முழுவதும். அவர்களில் வீடு, வருமானம், பராமரிப்பு ஆள் கிடைத்திருந்தால் வாழ விரும்பியிருப்பவர் ஒருவராவது இருப்பாரா? இருந்தால் அது சட்டத்தின் தோல்வியா, அரசின் தோல்வியா? என் கருத்து: நோயால் வந்த துன்பத்தையும் வறுமையால் வந்த துன்பத்தையும் ஒரு படிவத்தால் பிரித்துவிட முடியாது. அதனால் பராமரிப்புக்குப் பணம் ஒதுக்காமல் தகுதியை மட்டும் அகலமாக்கும் அரசைச் சந்தேகப்படுவது நியாயமே.

ஒன்றைச் சொல்ல வேண்டும். கனடாவைக் காட்டிப் பயமுறுத்துகிறவர்கள் ஆரிகனைச் சொல்ல மாட்டார்கள். ஆரிகனைப் புகழ்கிறவர்கள் கனடாவைச் சொல்ல மாட்டார்கள்.

அம்மாவுக்கு டிமென்ஷியா (மறதி நோய்). முன்கூட்டியே எழுதிவைத்தால் நடக்குமா?

பெரும்பாலான இடங்களில் நடக்காது. அமெரிக்கச் சட்டங்களில் இது கிட்டத்தட்ட முடியாத காரியம்: தெளிவு இருக்கும்போது ஆறு மாதக் கணிப்பு இருக்காது, ஆறு மாதக் கணிப்பு வரும்போது தெளிவு இருக்காது. நெதர்லாந்தில் முன்கூட்டி எழுதிய கோரிக்கைக்குச் சட்டத்தில் இடம் உண்டு. ஆனால் 2016இல் நடந்த ஒரு சம்பவம் நாட்டையே உலுக்கியது. மறதி நோய் முற்றிய ஒரு மூதாட்டிக்கு அவர் முன்பு எழுதிவைத்ததன் பேரில், காபியில் மயக்க மருந்து கலந்து கொடுத்துவிட்டு மருத்துவர் கருணைக்கொலை செய்தார். நடுவில் அந்த மூதாட்டி எழுந்திருக்கப் பார்த்தார், குடும்பத்தினர் பிடித்துக்கொண்டார்கள். மருத்துவர் மீது வழக்கு போட்டார்கள், 2019இல் அவர் விடுதலை ஆனார். 2020இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், எழுத்துக் கோரிக்கை தெளிவாக இருந்தால் அதன்படி செயல்படலாம் என்று உறுதிசெய்தது.

எழுதிய அந்தப் பெண்மணியும் எழுந்திருக்கப் பார்த்த அந்தப் பெண்மணியும் ஒரே ஆள்தானா? இந்தக் கேள்வியில் நான் பல நாள் நின்றிருக்கிறேன். சட்டம் 'ஆம்' என்கிறது. எனக்கு இன்னும் அவ்வளவு எளிதாக வரவில்லை. கனடாவின் கியூபெக் மாகாணம் 2024 அக்டோபர் இறுதியிலிருந்து இப்படிப்பட்ட முன்கோரிக்கைகளை ஏற்கிறது.

டிமென்ஷியாவில் எல்லா இடத்திலும் செய்ய முடிந்த ஒன்று உண்டு: தேவையற்ற சிகிச்சைகளை, உதாரணமாக உணவுக் குழாயையும் திரும்பத் திரும்ப மருத்துவமனைக்குக் கொண்டுபோவதையும், வேண்டாம் என்று முன்பே எழுதிவைப்பது.

மனநோய் மட்டும் இருந்தால்?

நெதர்லாந்திலும் பெல்ஜியத்திலும் சட்டம் தடுக்கவில்லை, ஆனால் மிகக் கடுமையான பரிசோதனைக்குப் பிறகே. கனடா அனுமதிப்பதாகச் சொல்லி இரண்டு முறை தள்ளிப்போட்டு, 2027 மார்ச் என்று நாள் குறித்தது. மனநோயில் 'இனி குணமாகாது' என்று யார் அடித்துச் சொல்ல முடியும் என்பதுதான் தயக்கத்தின் காரணம்.

குழந்தைகளுக்கு?

பெல்ஜியம் 2014இல் வயது வரம்பை எடுத்தது, நிபந்தனைகள் மிக இறுக்கம். நெதர்லாந்தில் குழந்தை தானே கேட்பது 12 வயது முதல். மற்ற நாடுகள் பெரும்பாலும் 18.

நல்ல வலிதணிப்புச் சிகிச்சை இருந்தால் இதெல்லாம் எதற்கு?

சிசிலி சாண்டர்ஸ் 1967இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸைத் தொடங்கியபோது, கடைசி நாட்களின் வலியை ஒரு மருத்துவத் துறையாகவே ஆக்கினார். உடல் வலி, மன வலி, உறவுகளின் வலி, ஆன்மிகத் தவிப்பு எல்லாவற்றையும் சேர்த்து 'முழு வலி' என்றார். அவர் கருணைக்கொலையை எதிர்த்தவர். அவர் வழிவந்தவர்களில் பலரும் இன்றும் எதிர்க்கிறார்கள்.

அவர்கள் சொல்வதில் பெரும் நியாயம் உண்டு. வலிதணிப்புச் சிகிச்சை தேவைப்படுபவர்களில் உலக அளவில் சுமார் 14 சதவீதத்தினருக்கு மட்டுமே அது கிடைக்கிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். மற்றவர்களில் பலருக்கு மார்ஃபின் மாத்திரைகூடக் கிடைப்பதில்லை. முதலில் இதைச் சரிசெய்யுங்கள் என்பது சரியான வாதம்.

ஆனால் 'இது அல்லது அது' என்று பார்ப்பது நடைமுறைக்குப் பொருந்தவில்லை. ஆரிகனில் மருந்து கேட்பவர்களில் மிகப் பெரும்பாலோர் ஏற்கெனவே ஹாஸ்பிஸ் பராமரிப்பில் இருப்பவர்கள். நல்ல பராமரிப்பு கிடைத்தும் கேட்கிறார்கள். எந்த மருந்துக்கும் அடங்காத அவஸ்தைக்கு ஆழ்ந்த மயக்கத்தில் வைக்கும் முறையும் உண்டு. பல நாடுகளில் அதுவும் சட்டப்படியான ஒரு தேர்வு. அதைப் பற்றி மருத்துவரிடம் கேட்கத் தெரிந்தவர்கள் குறைவு.

மார்ஃபின் கொடுத்தால் சீக்கிரம் செத்துவிடுவார்கள் என்கிறார்களே?

அளவறிந்து, படிப்படியாகக் கொடுத்தால் அப்படி நடப்பதில்லை. இந்தப் பயத்தால் மருந்தை மறுத்து, வலியில் துடிக்கவிடும் குடும்பங்கள்தான் எனக்குக் கவலை. நோக்கம் வலியைக் குறைப்பது, அதற்குத் தேவையான அளவு மட்டும் கொடுத்தால், பக்கவிளைவாக ஆயுள் குறைந்தாலும் அது குற்றமில்லை என்பது மருத்துவ அறத்தில் பழைய கொள்கை. போப் 12ஆம் பயஸே 1957இல் இதை ஏற்றுக்கொண்டார்.

மருத்துவர் மறுக்கலாமா?

மறுக்கலாம். இந்தச் சட்டங்கள் மருத்துவரின் மனசாட்சிக்கு இடம் விடுகின்றன. அமெரிக்க மருத்துவச் சங்கமும் உலக மருத்துவச் சங்கமும் கொள்கை அளவில் எதிராகவே இருக்கின்றன. சர்ச்சை வேறிடத்தில்: மறுப்பவர் இன்னொருவரிடம் அனுப்பியாவது வைக்க வேண்டுமா? ஒரு மதம் சார்ந்த மருத்துவமனை முழுவதுமே மறுக்கலாமா? விக்டோரியாவில் சட்டம் வந்தபோது, நோயாளி கேட்காமல் மருத்துவர் இந்தப் பேச்சை எடுக்கவே கூடாது என்று தடை இருந்தது. தூண்டுதல் இருக்கக்கூடாது என்ற நல்ல நோக்கம்தான். ஆனால் கேட்கத் தெரியாதவருக்குத் தெரியாமலே போய்விடும்.

சுவிட்சர்லாந்துக்குப் போனால் முடியுமா?

வெளிநாட்டவரையும் ஏற்கும் அமைப்புகள் அங்கே உண்டு. 1998இல் தொடங்கிய டிக்னிடாஸ் அதில் பெயர் பெற்றது. 2018இல் டேவிட் குடால் என்ற ஆஸ்திரேலியத் தாவரவியல் அறிஞர், 104 வயதில், பெரிய நோய் எதுவும் இல்லாமல், முதுமை போதும் என்று சுவிட்சர்லாந்துக்குப் போய், வேறோர் அமைப்பின் உதவியோடு இறந்தார். எல்லாருக்கும் சாத்தியமான வழி இல்லை. செலவு, ஆவணங்கள், பயணம் செய்யும் அளவுக்கு உடம்பில் தெம்பு எல்லாம் வேண்டும். கூடப் போகும் உறவினருக்குச் சொந்த நாட்டில் சட்டச் சிக்கல் வரலாம் என்பதையும் மறக்கக்கூடாது.

இந்தியாவில் என்ன நிலை?

மருந்து கொடுத்து இறக்க உதவுவது குற்றம். சிகிச்சையை நிறுத்துவது நிபந்தனைகளோடு அனுமதி. நாற்பது ஆண்டுக்கும் மேல் நினைவற்றுக் கிடந்த அருணா ஷான்பாக் வழக்கில் 2011இல் உச்ச நீதிமன்றம் அதற்கு வழி திறந்தது. 2018 மார்ச் மாதத் தீர்ப்பு, கண்ணியமாக இறப்பதும் வாழ்வுரிமையின் பகுதி என்று சொல்லி, முன்கூட்டியே எழுதிவைக்கும் உயிலையும் ஏற்றது. ஆனால் அதில் மாஜிஸ்திரேட் கையெழுத்து வேண்டும் என்றதால் கிட்டத்தட்ட யாராலும் பயன்படுத்த முடியவில்லை. 2023இல் தளர்த்தினார்கள்: இரண்டு சாட்சிகள், நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரி போதும். நிறுத்தும் முடிவை மும்மூன்று மருத்துவர்கள் கொண்ட இரண்டு குழுக்கள் பார்க்கும்.

காப்பீட்டுப் பணம் கிடைக்காமல் போகுமா?

ஆரிகன் சட்டத்தில், இதைக் காரணம் காட்டி ஆயுள் காப்பீட்டை மறுக்கக்கூடாது என்று இருக்கிறது. வேறிடங்களில் பாலிசியைப் படித்துப் பாருங்கள். அமெரிக்காவில் 1997 முதல் மத்திய அரசின் பணத்தை இந்த மருந்துக்குச் செலவிடத் தடை உண்டு.

பிள்ளைகளில் ஒருவர் எதிர்த்தால்?

சட்டப்படி அவருக்குத் தடுக்கும் அதிகாரம் இல்லை. நடைமுறையில், ஊரிலிருந்து கடைசி நாளில் வந்து இறங்கும் ஒருவர்தான் எல்லா ஏற்பாட்டையும் குலைப்பவர். அவருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

எனக்கு இப்போது நோய் எதுவும் இல்லை. நான் என்ன செய்ய வேண்டும்?

சாவதற்கு மருந்து கேட்கும் நிலை பெரும்பாலோருக்கு வராது. ஆனால் 'மேற்கொண்டு போகலாமா?' என்று ஒரு படிவத்தை நீட்டும் நிலை நம்மில் நிறையப் பேருக்கு வரும். அதனால் இரண்டு காரியம். ஒன்று, உங்களால் பேச முடியாதபோது உங்களுக்காக முடிவெடுக்க ஒருவரைக் குறிப்பிடுங்கள். பாசத்தை வைத்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். அழுதுகொண்டே என்றாலும் நீங்கள் சொன்னதைச் செய்யக்கூடியவர் யார் என்று பாருங்கள். இரண்டாவது, முன்விருப்ப உயில், லிவிங் வில் என்கிறார்களே, அதை எழுதுங்கள். 'வீணாக உயிரை இழுக்க வேண்டாம்' என்ற ஒரு வரி எந்த மருத்துவருக்கும் உதவாது. எந்த நிலையில் எது வேண்டாம் என்று எழுத வேண்டும்: இதயம் நின்றால் மார்பை அழுத்தி எழுப்பலாமா, வென்டிலேட்டரில் சில நாள் வைத்துப் பார்க்கலாமா, உணவுக் குழாய் போடலாமா, வீட்டில் இறக்க விருப்பமா. எழுதியதைப் பீரோவில் பூட்டாதீர்கள், பிரதி நாலு பேரிடம் இருக்கட்டும். மனம் மாறினால் மாற்றி எழுதலாம்.

வீட்டில் இந்தப் பேச்சை எப்படி எடுப்பது?

"நீங்கள் எப்படிச் சாக விரும்புகிறீர்கள்?" என்று கேட்டால் செருப்புதான் பறக்கும். நான் பெரியம்மாவின் ஐசியூ கதையிலிருந்து ஆரம்பித்தேன். "அன்றைக்கு அந்தப் படிவத்தில் என்ன எழுதியிருக்க வேண்டும் என்று நினைக்கிறாய்?" என்று அம்மாவைக் கேட்டேன். அக்காவைப் பற்றிப் பேசத் தொடங்கிய தங்கைக்குத் தன்னைப் பற்றிப் பேச அரை மணி நேரம்கூட ஆகவில்லை. "என்னைக் கேட்க முடிந்தவரை என்னைக் கேள். முடியாமல் போனால் குழாய் கிழாய் எல்லாம் போடாதே. ஆனால் மூக்குக்கண்ணாடியை மட்டும் கழற்றவிடாதே, யார் வந்திருக்கிறார்கள் என்று தெரியாமல் படுத்துக்கிடக்க என்னால் ஆகாது" என்றார்.

அப்படியே எழுதி, சாட்சிக் கையெழுத்து வாங்கி வைத்திருக்கிறோம். கண்ணாடி மூன்றாவது வரியில் இருக்கிறது.